கூட வந்த நாயும் கட்டிக்கிடந்த நாயும்: இரண்டு திரைப்படங்களை முன்வைத்து

வாழ்க்கையில் பெரிய இழப்பொன்றைச் சந்தித்த ஒருவர் வீடு வாசலை விட்டு, வேன் ஒன்றில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார். பக்கத்து சீட்டில் ஒரு நாய். ரோட்டு நீளுகிறது, மனம் மெல்ல மெல்ல ஆறுகிறது. இந்தக் கதை இன்று புத்தகமாக, திரைப்படமாக, பயணக் குறிப்பாக எத்தனையோ வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. இதற்கென்று உலகம் முழுக்க ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிற பிள்ளைகள்கூட இப்படியானவற்றை போனில் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வந்து அழுத கதையைச் சொல்லுவார்கள். அழுகிறதில் பிழையில்லை. எதற்காக அழுதோம் என்று விசாரிப்பது விமர்சனத்தின் வேலை.

இங்கே இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, க்ளோயி ஷாவோ இயக்கி, 2020இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கத்தையும் அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான ஒஸ்காரையும் பெற்ற ‘நோமட்லேண்ட்’. மற்றது, கிரண்ராஜ் இயக்கத்தில் ரக்‌ஷித் ஷெட்டி நடித்து, 2022 ஜூன் 10ஆம் திகதி கன்னடத்திலும் தமிழ் உட்பட வேறு மொழிகளிலும் வெளியான ‘777 சார்லி’. முதற்படத்தில் வேன் இருக்கிறது. நாய் வேண்டாமென்று விடப்படுகிறது. இரண்டாவதில் நாய் இருக்கிறது. வேனுக்குப் பதிலாக சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள். இரண்டிலும் புறப்படுகிறவர் தன் குடும்பத்தை இழந்தவர்.

படங்களுக்குள் போகமுன், இந்தக் கதையின் இரண்டு சொற்களுமே நம்முடைய ஊர் வாசகருக்குக் காலில் தடக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். வேன் ஒன்று, நாய் மற்றது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்த ஒருவருக்கு வேன் என்றால் முதலில் ஸ்கூல் வேன். அதற்கடுத்து வெள்ளை வேன். 2006க்குப் பிந்திய அந்த வருஷங்களில் இலக்கத்தகடில்லாத வெள்ளை வேன் ஒன்று ஒழுங்கைக்குள் நின்றால் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அதில் ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே இடைக்காலத் தடை விதித்தது என்றாலும் பஸ் புறப்பட்டது புறப்பட்டதுதான். 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளிலிருந்து முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்துக்கும் போனவர்கள் உண்டு. ஆகவே, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாகனத்தில் ஏறிப் போவது என்கிற விஷயம் ஓர் அமெரிக்கருக்குச் சுதந்திரமாகக் கேட்கிற இடத்தில் நமக்கு வேறு மாதிரிக் கேட்கும். நாம் அறிந்த புறப்பாடுகளில் அநேகமானவை யாரோ ஏற்றிவிட்ட புறப்பாடுகள்.

நாய் விஷயம் இதைவிடச் சிக்கல். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண்ணோடு. மாலிகி மத்ஹபின் நிலைப்பாடு வேறு. அங்கே உயிருள்ள நாய் அசுத்தமானதல்ல. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்க எல்லோரிடமும் அனுமதி உண்டு. இந்த மஸ்அலாவை விரித்துப் பேச உலமாக்கள் இருக்கிறார்கள். நான் வாசகியாக மட்டும் ஒன்றைக் கவனிக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதுகிற ஸூரத்துல் கஹ்ஃபில், ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்ட இளைஞர்களோடு ஒரு நாய் போகிறது. குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று பிற்காலத்தில் ஜனங்கள் தர்க்கிப்பதையும் குர்ஆன் சொல்கிறது: மூன்று பேர், நாலாவது நாய், ஐந்து பேர், ஆறாவது நாய், ஏழு பேர், எட்டாவது நாய். சரியான தொகையை அறிந்தவன் இறைவன். ஆனால் எந்தக் கணக்கிலும் நாய் விடுபடவில்லை. தாகித்த நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸும் நமக்குத் தெரிந்ததுதான். 921இல் மௌத்தான பக்தாத் அறிஞர் இப்னுல் மர்ஸுபான், ஆடை உடுத்த பலரைவிட நாய்கள் மேலானவை என்ற பொருள்பட ஒரு கிதாபுக்குப் பெயர் வைத்து, நாயின் நன்றியைப் பற்றிய கதைகளையும் கவிதைகளையும் அதில் தொகுத்திருக்கிறார். சட்டம் ஒரு பக்கம் இருக்க, இலக்கியத்தில் நாயைக் கண்டு ஒதுங்குகிற பழக்கம் நம் முன்னோரிடம் இருக்கவில்லை. அது நம்மிடம்தான் இருக்கிறது. கடற்கரைத் தண்டவாளப் பக்கம் நாயொன்று வந்தால் அபாயாவைத் தூக்கிப் பிடிப்பது சரி. கதையில் நாய் வந்தாலும் அப்படியே பிடிப்பது சரியில்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன்.

‘777 சார்லி’யின் நாயகன் தர்மா. சின்ன வயதிலேயே தாய், தகப்பன், தங்கையை விபத்தொன்றில் இழந்தவன். மைசூரில் தொழிற்சாலையில் வேலை. வேலை விட்டால் வீடு. இட்டிலி, சிகரெட், பியர், சாப்ளின் படம். அயலவரோடு ஒட்டில்லை. கள்ளத்தனமாக நாய் வளர்த்து விற்கிற ஒருவனின் கொடுமையிலிருந்து தப்பி வந்த லெப்ரடோர் பெட்டை நாயொன்று இவன் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. வேண்டாத விருந்தாளி. அது அசுத்தப்படுத்துவதை அள்ள வேண்டியிருக்கிறது, மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, காணாமற் போனால் தேட வேண்டியிருக்கிறது. இந்த முற்பகுதிதான் படத்தின் உயிர். துக்கம் எப்படி ஒரு மனுஷனை அசிங்கமானவனாக, சிடுமூஞ்சியாக ஆக்கிவிடுகிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. நம்முடைய சினிமாவில் துக்கப்பட்டவர்கள் எப்போதும் அழகாகத் தாடி வளர்ப்பார்கள். இவன் அப்படியில்லை, கிட்டப் போனால் நாறுவான் போலிருக்கிறது.

பிறகு நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. ஒரே இரத்தத்துக்குள் திரும்பத் திரும்ப இனம்பெருக்கியதால் வந்த வினை. தொலைக்காட்சியில் பனியைக் கண்டால் துள்ளுகிற நாய்க்குச் சாகமுன் உண்மையான பனியைக் காட்ட வேண்டுமென்று தர்மா வடக்கே புறப்படுகிறான். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வகைக் கதைகளில் வழமையாக மனுஷன் தன் மனதை ஆற்றப் புறப்படுவான். நாய் துணைக்குப் போகும். இங்கே போகிற தேவை நாயுடையது. துணைக்குப் போகிறவன் மனுஷன். கதையின் திசையையே இது மாற்றிவிடுகிறது.

தர்மா என்ற பெயரோடு ஒருவன் நாயைக் கூட்டிக்கொண்டு இமயத்தை நோக்கி நடந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. மகாபாரதத்தின் கடைசியில் தம்பியரும் பாஞ்சாலியும் ஒவ்வொருவராக விழுந்துபோக, தருமனோடு மிஞ்சுவது ஒரு நாய். நாயை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கம் என்கிறபோது அவன் மறுக்கிறான். தமிழ் சிறப்புப் பட்டத்துக்கு வில்லிபாரதம் படித்த நமக்கு இந்த நாய் பாடத்தில் வராது. வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு, போர் முடிவோடு நிறுத்திவிட்டார். பிறகு 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வந்துதான் மிச்சத்தைத் தமிழில் பாடினார். போர் முடிந்ததோடு கதை முடிந்ததென்று நினைப்பதற்கும், முடிந்த பிறகு எஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த நாட்டில் இருந்துகொண்டு அந்த வித்தியாசத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு ஏலாது.

ஆனால் ‘சார்லி’ தன்னுடைய பலத்தை நம்பவில்லை. பயணம் தொடங்கியதும் படம் ஊர் ஊராக நின்று காட்சி காட்டத் தொடங்கிவிடுகிறது. நாய்களுக்கான போட்டி, நடுவில் வந்து சேருகிற புதுப்புது ஆட்கள், தெருநாயைத் தத்தெடுங்கள் என்கிற செய்தி. செய்தி நல்ல செய்திதான். கதைக்கு அது பாரம். இசை நம்மை அழு, அழு என்று தோளில் தட்டுகிறது. கடைசியில் பனிமலைக் கோயிலில் சார்லி உயிரை விட்டு, ஒரு குட்டியை விட்டுச்செல்கிறது. இழந்ததற்கு ஈடு உடனே கையில் கிடைத்துவிடுகிறது. இந்தக் குட்டிதான் என்னை உறுத்துகிறது. மௌத்து வீட்டில் ஸலாம் சொல்லிவிட்டு, மையித்து எடுக்கமுன்னமே ‘அல்லாஹ் இதைவிட நல்லதைத் தருவான்’ என்று சொல்ல அவசரப்படுகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். சொல்வது உண்மையாக இருக்கலாம். சொல்லுகிற நேரம் பிழை. படமும் அந்த அவசரத்தைத்தான் படுகிறது.

இன்னொரு விஷயம். இந்தப் படம் வெளியான அதே ஜூன் மாதத்தில் காலி வீதியில் பெற்றோலுக்கு நின்ற வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மைசூரிலிருந்து காஷ்மீர் வரை மோட்டார் சைக்கிளில் போகிற கதையை அந்த 4 லீற்றர் காலத்தில் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பார்ப்பது தனி அனுபவம். சுதந்திரமான ரோட்டு என்பது பெற்றோல் கிடைக்கிற நாட்டின் கற்பனை என்று அப்போதுதான் நன்றாக விளங்கியது.

‘நோமட்லேண்ட்’ இந்தக் கற்பனையை வேறு விதமாகக் கையாளுகிறது. ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட நூலே படத்துக்கு ஆதாரம். நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றொரு ஊர், ஜிப்சம் தொழிற்சாலையை நம்பி இருந்தது. 2011 ஜனவரி 31ஆம் திகதி தொழிற்சாலை மூடப்பட்டது. சில மாதங்களில் ஊரின் தபால் குறியீடே ரத்தாகிவிட்டது. படத்தின் நாயகி ஃபெர்ன் (நடித்தவர் பிரான்சிஸ் மெக்டோர்மண்ட்) அந்த ஊரில் வாழ்ந்தவள். புருஷன் இறந்துவிட்டான், வேலை போய்விட்டது, கடைசியில் ஊரும் போய்விட்டது. வேன் ஒன்றை வீடாக்கிக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் கிடைக்கிற கூலி வேலைக்கு ஓடுகிறாள். அவள் சந்திக்கிற லிண்டா மே, ஸ்வாங்கி, பொப் வெல்ஸ் எல்லோரும் உண்மையிலேயே வேனில் வாழ்கிறவர்கள். தங்கள் பெயரிலேயே நடித்திருக்கிறார்கள். பொப் வெல்ஸ் தன் மகனை இழந்ததைச் சொல்கிற காட்சியில் நடிப்பு எங்கே முடிகிறதென்று சொல்ல ஏலாது.

படத்தின் முற்பகுதியில், முகாம் அலுவலகத்துக்கு வெளியே கட்டிக்கிடக்கிற ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று ஃபெர்னிடம் கேட்கிறார்கள். அவள் கிட்டப் போய்த் தடவிக் கொடுக்கிறாள். பிறகு விட்டுவிட்டுப் போகிறாள். காட்சி ஒரு நிமிஷம்கூட இராது. படம் முடிந்து எத்தனையோ நாளைக்குப் பிறகும் அந்த நாய்தான் எனக்குள் நின்றது. புரூடரின் நூலில் லிண்டா மேயோடு கோக்கோ என்றொரு சின்ன நாய் கூடவே இருக்கிறது. படமோ நாயகியின் கையிலிருந்து நாயை எடுத்துவிட்டது. ஏன்? நாயைச் சேர்த்திருந்தால் படம் பார்க்கிற நாம் நிம்மதியாகியிருப்போம். ‘சரி, துணைக்கு ஒரு ஜீவன் இருக்கு’ என்று எழும்பி வந்திருப்போம். அந்த நிம்மதியைத் தர ஷாவோ விரும்பவில்லை. இன்னொரு உயிரைக் கையேற்கிற பலம் இந்தப் பெண்ணிடம் இன்னும் வரவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு நாயும் ஒரு கயிறும் போதுமாயிருந்தது.

இந்தப் படத்திலும் குறையில்லாமலில்லை. அமேசன் களஞ்சியத்தில் ஃபெர்ன் வேலை செய்கிற காட்சிகள் நல்ல வெளிச்சத்தில், அமைதியாகப் போகின்றன. புரூடரின் நூலை வாசித்தால் அந்த வேலையின் வலி தெரியும்: அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நாள் முழுக்க நடக்கிறார்கள், நோவு மாத்திரை இலவசமாக எடுக்கிறதற்குச் சுவரிலேயே பெட்டி பூட்டியிருக்கிறது. சினிமா அந்தக் கோபத்தை விட்டுவிட்டு, அந்தி வானத்தை எடுத்துக்கொண்டது. துக்கத்தால் புறப்பட்டவர்கள் யார், வாடகை கட்ட ஏலாமல் புறப்பட்டவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க விடாத அழகு அது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது ஜோன் ஸ்டெய்ன்பெக்கின் பயணநூல். 1960இல் சார்லி என்ற பூடில் நாயோடு லொறி போன்ற வாகனமொன்றில் பத்தாயிரம் மைல் சுற்றி, 1962இல் நூலாக்கினார். அந்த வருஷமே நோபல் பரிசும் கிடைத்தது. அவர் பெரிதாக எதையும் இழந்து புறப்பட்டவரல்ல, உடம்பு விடுகிற வயதில் நாட்டை ஒருதரம் பார்த்துவிடப் போனவர். அவருடைய நாய் அந்நியர்களோடு பேச்சுத் தொடங்க உதவுகிற நாய். நாய்க்கென்று ஒரு தேவை அந்த நூலில் பெரிதாக இல்லை. ஆகவே நம்முடைய விசாரணைக்கு அது அதிகம் உதவாது.

நமக்கு உதவுகிறவர் கபிலர். தமிழ்ப் புறத்திணை மரபில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவனை இழந்து, செய்வதறியாது கை ஓய்ந்து நிற்கிற நிலை. இழந்த கணத்துக்கு நம்மிடம் இப்படிப் பெயர் இருக்கிறது. அதற்கடுத்த நாளுக்கு, அதற்கடுத்த மாதத்துக்கு அந்தத் துறை போவதில்லை. ஆனால் கபிலர் அதை வாழ்ந்து காட்டியிருக்கிறார். பாரி இறந்து பறம்பு போனபின், அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போகிறார். புறநானூற்றில் 113ஆம் பாட்டிலிருந்து 120 வரை அந்த மலையைத் திரும்பிப் பார்க்கிற குரலைக் கேட்கலாம். 200, 201, 202இல் அதே மனுஷன் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய், இந்தப் பிள்ளைகளை மணம் முடித்துக்கொள் என்று கேட்டு நிற்கிறார். இரண்டு பேருமே மறுத்தார்கள் என்பது மரபு. பெரும் புலவர் ஒருவர் வாசலுக்கு வாசல் போய் மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். காரணம், கையில் அமானிதமாக இரண்டு பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு பாதுகாப்பில் சேர்த்த பிறகே அவர் வடக்கிருந்து உயிர் விட்டதாகச் சொல்லப்படுகிறது. அதுவரை சாகக்கூட அவருக்கு நேரமில்லை.

‘777 சார்லி’ இந்தக் கபிலர் வழியில் வருகிற கதை. இதைத்தான் நான் அந்தப் படத்தில் மதிக்கிறேன், குட்டியை அல்ல. தர்மாவை ரோட்டு ஆற்றவில்லை. விடிந்தால் எழும்பி இன்னொரு உயிருக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது; அதனால் எழும்பினான். ஃபெர்ன் கபிலரின் முற்பகுதியோடு நின்றுபோனவள். மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தான் எம்பயரை விட்டுப் போனால் தன் புருஷன் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லாமற் போய்விடும் என்று நினைத்து அங்கேயே கிடந்தவள் அவள். கடைசியில் ஒருதரம் அந்த வெறும் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டுக்கு வருகிறாள். அவள் ஆறிவிட்டாளா? படம் சொல்லவில்லை. அந்த மௌனம் ‘சார்லி’யின் கடைசி இருபது நிமிஷத்தைவிடப் பெறுமதி.

ஃபெர்னைப் பற்றி வகுப்பில் கதைத்தபோது ஒரு பிள்ளை கேட்டது: “டீச்சர், அவட ராத்தா வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுறா தானே, ரூமும் இருக்கு. ஏன் போகாம இருக்கா?” நல்ல கேள்வி. நம் சமூகத்தில் பெண்ணொருத்தி புருஷனை இழந்தால் நாலு மாதம் பத்து நாள் இத்தா. மற்ற உறவுகளுக்கு மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது. அறியாமைக் காலத்து அரபிகளிடம் ஒரு வருஷம் ஒடுக்கத்தில் அடைந்து கிடந்த வழக்கத்தை மாற்றி, துக்கத்துக்கு ஓர் எல்லை வைத்த சட்டம் அது. எல்லை இருப்பதால்தான் அதற்கு அப்பால் ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. ஆனால் அந்த அப்பாலைப் பற்றி நம்முடைய கதைகள் என்ன சொல்கின்றன? இத்தா முடிந்த உம்மாவைப் பிள்ளைகள் உம்ராவுக்கு அனுப்புவார்கள். அது நல்ல காரியம். திரும்பி வந்த பிறகு? வெள்ளவத்தை மாடிவீடுகளில் பார்க்கிறோமே: வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மூத்தவளிடம் மூன்று மாதம், இளையவளிடம் மூன்று மாதம், நோன்புக்கு மகன் வீடு. ஒரு பேக், ஒரு தஸ்பீஹ், மருந்துப் பெட்டி. எங்கே போனாலும் மரியாதைக்குக் குறைவில்லை. எங்கேயும் அலுமாரியில் ஒரு தட்டு மட்டும்தான் சொந்தம். வேன் ஒன்று மட்டும்தான் இல்லை. ஃபெர்ன் தன் சகோதரியின் அறையை ஏன் மறுத்தாள் என்று விளங்க அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை, உம்மாமாரின் அந்தப் பேக்கைத் திறந்து பார்த்தால் போதும். (பெண் தனியே பயணம் போகலாமா என்ற கேள்வியோடு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் கதையைத்தான் கதைக்கிறேன்.)

கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு மதம் மாறும், மொழி மாறும். அங்கே நாய் வளர்க்கிற கத்தோலிக்க வீட்டுக்கும் நாயைக் கண்டால் ஒதுங்குகிற முஸ்லிம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சொந்தக்காரர் மௌத்தானபின் நாய் யாருடைய படியில் போய்ப் படுக்கும், அந்தப் படிக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு நாவல் கிடக்கிறது. வேன் தேவையில்லை, காஷ்மீரும் தேவையில்லை.

நம்முடைய புலம்பெயர்வு எழுத்தைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசம். கையில் சில நூறு ரூபாய்க்கு மேல் கொண்டு போக விடவில்லை. இந்த இழப்பைப் பற்றிய கவிதைகளும் கதைகளும் புத்தளத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்திருக்கின்றன. இதுபோன்ற சஞ்சிகைகள் அவற்றுக்கு இடம் கொடுத்தும் இருக்கின்றன. நான் வாசித்தவற்றில் வீட்டுத் திறப்பு வருகிறது, கிணறு வருகிறது, பள்ளிவாசல் வருகிறது, பள்ளிக்கூடமும் வருகிறது. எல்லாமே இழந்த கணம், கையறுநிலை. நியாயம்தான். அந்தக் கணத்தைச் சொல்லாமல் கடக்க ஏலாது. ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகும் நாம் அந்தக் கணத்திலேயே நிற்கிறோம். அதற்கடுத்த விடியலில் யார் யாருக்காக எழும்பினார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு. எழும்பாமல் இருந்திருக்க ஏலாது. கூடாரத்துக்குள் பால் குடிக்கிற பிள்ளைகள் இருந்தன.

மனுஷரைத் தவிர்ந்த உயிர்கள் அந்த எழுத்தில் அநேகமாக இல்லை. சோனகத் தெருவில் நாய் வளர்த்தவர்கள் குறைவாக இருக்கலாம். ஆடும் கோழியும் பூனையும் இல்லாத வீடு எத்தனை இருந்திருக்கும்? இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைகளைக் கூட்டி, கிழவர்களைத் தூக்கி, கதவைப் பூட்டுவதா திறந்து விடுவதா என்று தடுமாறிய நேரத்தில், கொட்டிலில் நின்ற ஆட்டின் கயிற்றை யாராவது அவிழ்த்துவிட்டார்களா, அல்லது திரும்பி வந்து தண்ணீர் வைக்கலாம் என்று நினைத்துக் கட்டியபடியே விட்டார்களா? அந்தக் கயிற்றை மாத்திரம் வைத்து யாராவது ஒரு சிறுகதை எழுதினால், கபிலரின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து வகுப்பில் படிப்பிக்க நான் தயார்.